அலமாரியில் அடைபட்ட சிம்பொனிகள்

பதிப்புரிமை முடிந்தும் மேடையேற வழியில்லாமல் கிடக்கும் ஆர்க்கெஸ்ட்ரா இசையைத் தேடிப்பிடித்து, ஸ்கேன் செய்து, உலகத்துக்குக் கொடுப்பவர்களைப் பற்றி...

2015-ம் ஆண்டு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியின் பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், நூலகத்தை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பல பத்தாண்டுகளாக யாரும் நெருங்க முடியாதபடி அடுக்கிக் கிடந்த கட்டுகளை நகர்த்தியபோது, எந்தப் பட்டியலிலும் ஏறாத பழைய நொட்டேஷன் தாள்கள் வெளியே வந்தன. நூலகர் உடனே இசை ஆய்வாளர் நத்தாலியா பிராகின்ஸ்காயாவுக்குத் தகவல் சொன்னார். அவர் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது அந்தத் தாள்களைத்தான்.

இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி தன் குரு ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1908-ல் மறைந்தபோது எழுதிய அஞ்சலி இசை அது. அப்போது அவருக்கு 26 வயது. 1909 ஜனவரியில் ஒரு கச்சேரியில் வாசிக்கப்பட்டது. அதன் பிறகு புரட்சி, உள்நாட்டுப் போர், இடப்பெயர்வு என்று எல்லாம் வந்து, இசை காணாமல் போனது. 'தீப்பறவை' பாலேவுக்கு முன்பு தான் எழுதியவற்றில் சிறந்தது அதுதான் என்று ஸ்ட்ராவின்ஸ்கி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பீட்டர்ஸ்பர்க்கின் ஏதோ ஓர் ஆர்க்கெஸ்ட்ரா நூலகத்தில் அது பத்திரமாக இருக்கும் என்றும் நம்பினார். 1971-ல் அவர் மறைந்தார். 2016 டிசம்பர் 2-ம் தேதி, வலேரி கெர்கியெவ் நடத்த, மரீன்ஸ்கி ஆர்க்கெஸ்ட்ரா அதை மீண்டும் வாசித்தது. இடையில் ஓடியது 107 வருடங்கள்.

அந்த நூலகத்தில் கிடைத்தது முழு ஸ்கோர் இல்லை, பார்ட்ஸ் மட்டும்தான். ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியாக எழுதித் தந்த தாள்கள். அவற்றை ஒன்றாகக் கோத்துத்தான் ஸ்கோரை மீட்டெடுத்தார்கள்.

இதற்கு முன்பும் அதே ஊரில் இப்படி நடந்திருக்கிறது. செர்கேய் ரக்மானினாஃபின் முதல் சிம்பொனி 1897-ல் அரங்கேறிய அன்றே படுதோல்வி. மனமுடைந்த ரக்மானினாஃப் ஏறக்குறைய 3 வருடம் பெரிதாக எதையும் எழுதவில்லை. 1917-ல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பியபோது ஸ்கோர் அங்கேயே தங்கியது, பிறகு தொலைந்தும் போனது. அவர் 1943-ல் அமெரிக்காவில் இறந்தார். மறுவருடம், போர் இன்னும் முடியாத லெனின்கிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்), கன்சர்வேட்டரி நூலகத்தில் 1897-ல் வாசித்தவர்களின் பார்ட்ஸ் கிடைத்தன. அவற்றிலிருந்து ஸ்கோரைத் தொகுத்து, 1945 அக்டோபரில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் காவுக் நடத்தினார். இன்று உலகமெங்கும் ஒலிக்கும் அந்த சிம்பொனி, வாத்தியக்காரர்களின் தாள்களை யாரோ ஒரு நூலகர் கட்டிவைத்த புண்ணியத்தில் பிழைத்தது.

பார்ட்ஸ் இல்லையென்றால் பாட்டு இல்லை

ஆர்க்கெஸ்ட்ராவில் 70, 80 பேர் உட்கார்ந்திருப்பார்கள். கண்டக்டர் முன்னால் இருப்பது ஃபுல் ஸ்கோர். புல்லாங்குழலில் தொடங்கி டபுள் பாஸ் வரை எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே பக்கத்தில் 20, 30 வரிசைகள். வாசிப்பவர் முன்னால் அவருடைய வரி மட்டும் இருக்கும். பழைய நாடகக் கம்பெனிகளில் வாத்தியாரிடம் முழு நாடகமும் இருக்கும், நடிகர் கையில் அவருடைய பாடம் மட்டும் இருக்கும் அல்லவா, அப்படித்தான். டிராம்பெட்காரரின் தாளில் '37 தாளக்கட்டு சும்மா இரு' என்று ஓர் எண் இருக்கும். எண்ணிக்கொண்டே இருந்து, 38-வதில் சரியாக நுழைய வேண்டும்.

பதிப்புரிமைக் காலம் முடிந்த இசை எல்லோருக்கும் சொந்தம் என்று சட்டம் சொல்கிறது. பார்ட்ஸ் கையில் இல்லாத ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அந்தச் சொந்தத்தால் ஒரு பயனும் இல்லை. நாவலோ கவிதையோ ஒரே ஒரு பிரதி கிடைத்தால் போதும், படித்துவிடலாம். சிம்பொனியின் ஒரே பிரதி கிடைத்தாலும் அது பார்வைக்குத்தான். காதுக்கு வர, அதிலிருந்து 20, 25 விதமான பார்ட்ஸ் தயாராக வேண்டும். அபூர்வ இசையை மீட்பது பற்றிப் பேசும்போது பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

லூயிஸ் ஃபராங்கின் கதையைப் பாருங்கள். 1804-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். பாரிஸ் கன்சர்வேட்டரியில் 30 வருடம் பியானோ பேராசிரியர். எழுதிய சிம்பொனிகள் 3. மூன்றாவதை 1849-ல் பாரிஸின் மிகப்பெரிய ஆர்க்கெஸ்ட்ராவே வாசித்தது. ஆனாலும் அவர் இருந்தவரை அந்த மூன்றில் ஒன்றுகூட அச்சேறவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா இசையை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடுவது பெருஞ்செலவு; விற்குமா என்ற சந்தேகம் பதிப்பாளருக்கு; எழுதியவர் பெண் என்றால் சந்தேகம் இரண்டு மடங்கு. 1875-ல் ஃபராங்க் இறந்தார். எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும் அவருடைய இசை எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டது. ஆனால் கையெழுத்துப் பிரதிகள் பாரிஸில் இருந்தன. வாசிக்கத் தகுந்த பதிப்பு எங்கும் இல்லை. 1990-களின் கடைசியில் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு அவருடைய படைப்புகளை ஒழுங்காகப் பதிப்பித்த பிறகுதான் ஆர்க்கெஸ்ட்ராக்கள் வரிசையாக எடுத்துக்கொண்டன. தடையாக நின்றது சட்டமே இல்லை.

ஜெர்மானியரான எமிலி மாயரின் நிலை இன்னும் மோசம். அவருடைய நான்காவது சிம்பொனிக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரே மிஞ்சவில்லை. இரண்டு பேர் ஒரே பியானோவில் வாசிப்பதற்காக அச்சிட்ட வடிவம் மட்டும் தங்கியது. இன்று கேட்கக் கிடைப்பது, அந்தப் பியானோ வடிவத்திலிருந்து இக்காலத்தவர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியது.

முதல் நான்கு ஸ்வரங்களை வைத்துத் தேடுவது

எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஸ்கேன் செய்ய முடியும்? கையெழுத்துப் பிரதியில் பல நேரம் எழுதியவர் பெயரே இருக்காது. இருந்தாலும் தவறாக இருக்கும். 18-ம் நூற்றாண்டில் ஹைடன் பெயரைப் போட்டால் விற்கும் என்பதற்காக, யார் யாரோ எழுதியதை அவர் தலையில் கட்டியவர்கள் ஏராளம். அதனால் இசை நூலகர்கள் பெயரை நம்புவதில்லை. தொடக்க ஸ்வரங்களைக் குறித்துவைக்கிறார்கள். எந்த ஸ்வரத்தில் தொடங்கி எப்படி நகர்கிறது என்ற சில நோட்டுகள் போதும், கைரேகைபோல அடையாளம் காட்டிவிடும்.

ஹைடனே தன் இசைக்கு இப்படி ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ ஒன்றின் தொடக்கம் எழுதியிருந்தது, இசையைத்தான் காணோம். 1961-ல் பிராக் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கோட்டையிலிருந்து வந்த தாள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஓல்ட்ரிஷ் புல்கெர்ட், ஒரு செல்லோ கான்செர்ட்டோவின் பார்ட்ஸைக் கண்டார். தொடக்க நோட்டுகளைப் பட்டியலுடன் ஒப்பிட்டார், பொருந்தியது. மறுவருடம் மே மாதம் மிலோஷ் சாட்லோ வாசிக்க, சார்லஸ் மக்கேரஸ் நடத்தினார். இன்று செல்லோ படிக்கும் எந்த மாணவரும் அதைத் தாண்டாமல் போக முடியாது.

1952-ல் தொடங்கிய ரிஸ்ம் என்ற சர்வதேச இசை மூலப் பட்டியல், இந்த வேலையை உலக அளவில் செய்கிறது. எந்த நூலகத்தில், எந்த தேவாலயத்தில், எந்தக் கோட்டையில் என்ன கையெழுத்துப் பிரதி இருக்கிறது என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இணையத்தில் இலவசம். நோட்டுகளைத் தட்டியே தேடலாம்.

அச்சுப் பிரதிக்கு வேறு வழி. பழைய இசைப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் ஆண்டைப் போட மாட்டார்கள். போட்டால் சரக்கு பழசாகத் தெரியும். ஆனால் பக்கத்தின் அடியில் தகட்டு எண் என்று ஒன்று இருக்கும். செதுக்கிய தகடுகளைக் கிடங்கில் அடையாளம் காணப் போட்ட எண் அது. லைப்சிக்கின் பிரைட்கோப், மாஸ்கோவின் யூர்கென்சன் என்று ஒவ்வொரு பதிப்பாளரின் எண் வரிசையையும் ஆண்டோடு பொருத்திவைத்திருக்கிறார்கள். அதை வைத்து, எந்த ஆண்டு அச்சானது, எனவே உரிமை முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

சில சமயம் எந்தப் பட்டியலும் உதவாது. 2009-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், செயின்ட் ஆன் என்ற சிற்றூரில், பாழடைந்த வீடு ஒன்றை வாங்கியவர்கள் உள்ளே காகிதக் குவியலைப் பார்த்தார்கள். தாள்களில் ஃப்ளாரன்ஸ் பிரைஸ் என்ற பெயர். 1933-ல் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. பெரிய அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுவே முதல் முறை. 1953-ல் அவர் இறந்த பிறகு உலகம் மறந்துவிட்டது. கோடைக் காலங்களில் அவர் தங்கிய அந்த வீட்டில் 2 வயலின் கான்செர்ட்டோக்களும் நான்காவது சிம்பொனியும் இருந்தன. வாங்கியவர்கள் அவற்றைக் குப்பையில் போடாமல், பெயரைத் தேடி, பல்கலைக்கழகத்திடம் சேர்த்தார்கள். அந்தத் தம்பதிக்கு இசை உலகம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

பணமும் பொறுப்பும் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஃபிலடெல்ஃபியா ஓர் உதாரணம். கம்பளி நூல் தொழிலதிபர் எட்வின் ஃப்ளெய்ஷர் 1909-ல் இளைஞர்களுக்காக ஒரு சிம்பொனி கிளப் தொடங்கினார். அவர்கள் வாசிப்பதற்காக வாங்கிக் குவித்த இசையை 1929-ல் அந்த ஊர் பொது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களை அரசுத் திட்டத்தில் அமர்த்தி, அச்சாகாத அமெரிக்க இசையைக் கையாலேயே பார்ட்ஸ் பார்ட்ஸாக நகலெடுக்க வைத்தார்கள். 1941-ல் கண்டக்டர் நிக்கலாஸ் ஸ்லோனிம்ஸ்கி இந்தத் தொகுப்புக்காக லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் போய், அங்கிருந்து ஸ்கோர்களை வாங்கி வந்தார். இன்று 20,000-க்கும் மேற்பட்ட ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகள் பார்ட்ஸுடன் அங்கே இருக்கின்றன. உலகெங்கும் உள்ள ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு அவற்றை இரவல் தருகிறார்கள்.

புள்ளியா, தூசியா?

ஸ்கேன் செய்வது சின்ன வேலை என்று தோன்றும். 19-ம் நூற்றாண்டின் பாதிக்குப் பிறகு வந்த காகிதம் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் காகிதத்தை மெல்ல மெல்ல அரித்து, ஓரம் அப்பளமாக நொறுங்கும். சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுவிடும். எனவே புத்தகத்தை 'வி' வடிவத் தாங்கியில் பாதி மட்டும் திறந்துவைத்து, மேலிருந்து கேமராவில் எடுப்பார்கள்.

அச்சான பார்ட்ஸுக்கு 600 டிபிஐ கறுப்பு-வெள்ளை நன்றாக இருக்கும். அதற்குக் கீழே போனால் ஐந்து கோடுகளும் அங்கங்கே அறுந்து தெரியும். கையெழுத்துப் பிரதியென்றால் கட்டாயம் கலர். மையின் நிறம் மாறியிருந்தால் வேறொரு நாள் திருத்தியிருக்கிறார், பென்சிலில் இருந்தால் கண்டக்டர் போட்டது என்றெல்லாம் நிறம்தான் சொல்லும்.

இதில் பெரிய ஆபத்து, படத்தைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேர். பழைய தாளில் சின்னச் சின்னக் கறைகள் இருக்கும். சாஃப்ட்வேர் அவற்றைத் தேடித் துடைக்கும். ஆனால் இசையில் புள்ளிக்குப் பொருள் உண்டு. நோட்டின் தலைக்கு மேலோ கீழோ புள்ளி இருந்தால் அதை நறுக்கென்று வெட்டி வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் அதன் நீளம் ஒன்றரை மடங்கு. அந்தப் புள்ளியைத் தூசி என்று சாஃப்ட்வேர் துடைத்துவிட்டால், தாளக்கட்டில் கால் பங்கு எங்கே போனது என்று ஒத்திகையில் 60 பேர் விழிப்பார்கள். தெரிந்தவர்கள் துடைக்கும் அளவை மிகக் குறைவாக வைத்து, மீதியைக் கண்ணால் பார்த்துக் கையால் நீக்குவார்கள். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனாலும் அதுதான் சரி.

வெற்றுப் பக்கத்தையும் எடுத்துவிடக் கூடாது. பக்கம் திருப்ப வாத்தியக்காரருக்கு ஒரு கை வேண்டும். அதனால் ஓய்வு வரும் இடத்தில் திருப்பும்படி பார்த்து அச்சிடுவார்கள். தேவைப்பட்டால் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். வீணாக இருக்கிறதே என்று அதை நீக்கினால் அடுத்த பக்கமெல்லாம் இடம் மாறி, வேகமான பகுதியின் நடுவில் திருப்ப வேண்டியிருக்கும்.

வாத்தியக்காரர்கள் பென்சிலில் போட்ட குறிகளையும் அழுக்கு என்று நினைக்கக் கூடாது. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் 2011-ல் தன் ஆவணங்களை இணையத்தில் திறந்தபோது, ஸ்கோர்களோடு, வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று குறித்த பார்ட்ஸையும் சேர்த்து வெளியிட்டது. கண்டக்டர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் ஸ்கோர்களில் இரண்டு நிறப் பென்சில் குறிகள் உண்டு. நீலம் தனக்கு; சிவப்பு, நூலகர் ஒவ்வொரு பார்ட்டிலும் எடுத்து எழுத வேண்டியது. ஓர் ஆர்க்கெஸ்ட்ரா எப்படி யோசித்தது என்பது அந்தச் சிவப்பில் இருக்கிறது. கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்தால் அது போயே போய்விடும்.

எல்லைக்கு எல்லை மாறும் சட்டம்

2006 பிப்ரவரியில் எட்வர்ட் குவோ என்ற இசை மாணவர் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி, இந்த நூற்றாண்டில் இசைக்கு நடந்த மிக நல்ல காரியம் என்பது என் கருத்து. 1501-ல் வெனிஸில் இசையை அச்சிட்ட பெத்ரூச்சியின் பெயரைத் தாங்கிய இந்த இணைய நூலகத்தில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலும் நூலகத்திலும் ஸ்கேன் செய்து ஏற்றியவை. ஒவ்வொரு கோப்பையும் உரிமை தெரிந்தவர்கள் சரிபார்க்கிறார்கள்.

2007 அக்டோபரில் வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகத்தின் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்ததும், அந்த மாணவர் நூலகத்தை மூட வேண்டியதாயிற்று. நூலகம் இயங்கிய கனடாவில் அன்று பதிப்புரிமை எழுதியவர் இறந்து 50 வருடம் வரை, ஐரோப்பாவில் 70. 1945-ல் இறந்த பார்டோக்கின் இசை கனடாவில் 1996 முதலே பொதுச்சொத்து. ஐரோப்பாவில் 2016 வரை இல்லை. கனடாவில் ஏற்றியதை ஐரோப்பாவில் இறக்கினால் யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. 2008 ஜூன் இறுதியில் நூலகம் மீண்டும் திறந்தது.

அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. கனடா 2022-ன் கடைசியில் 70 வருடத்துக்கு மாறியது. இந்தியாவில் 60 வருடம்: 1957-ல் மறைந்த சிபெலியஸ் உயிரோடிருந்தபோது வெளியிட்ட சிம்பொனிகள் இங்கே 2018 முதல் பொதுச்சொத்து, ஐரோப்பாவில் 2028-ல்தான். நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் இசைப் பள்ளிக்கும் இது பெரிய சலுகை, பயன்படுத்திக்கொள்பவர்கள் குறைவு.

பொதுச்சொத்து ஆனது திரும்பப் பறிபோகவும் செய்யும். அமெரிக்காவில் புரோகோஃபியேவின் 'பீட்டரும் ஓநாயும்' போன்ற வெளிநாட்டுப் படைப்புகள் ஒரு காலத்தில் இலவசம். பார்ட்ஸை விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்து எத்தனை முறையும் வாசிக்கலாம். 1994-ல் வந்த சட்டம் அவற்றை மீண்டும் உரிமைக்குள் கொண்டுபோனது. சிறிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஒவ்வொரு முறையும் வாடகை கட்ட வேண்டிய நிலை. கண்டக்டரும் பேராசிரியருமான லாரன்ஸ் கோலன் வழக்குப் போட்டார். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு வாசிக்கும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவிடமிருந்து இப்படிப் பறித்தது அநியாயம்தான்.

சட்டத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் காகிதம் காத்திருக்காது. 1943 டிசம்பர் 4-ம் தேதி அதிகாலைக் குண்டுவீச்சில் லைப்சிக்கின் பதிப்பகத் தெருக்கள் எரிந்து, இசைத் தகடுகள் உருகிப்போயின. 2004 செப்டம்பரில் வைமாரின் அன்னா அமாலியா நூலகத்தில் தீப்பிடித்தபோது, அந்தப் பெயருக்குரிய சீமாட்டி சேர்த்த இசைத் தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது.

கொல்கத்தாவில் முடிந்த கதை

ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'உலக அஞ்சலி', முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1923-ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களோடு அரங்கேறியது. அவருடைய துணைவி மாட் மெக்கார்த்தி, அன்னி பெசன்ட்டுடன் இந்தியா வந்து நம் இசையைப் பயின்ற வயலின் கலைஞர். 1935-ல் குடும்பத்தோடு இங்கே வந்த ஃபோல்ட்ஸ், டெல்லி ஆல் இந்தியா ரேடியோவில் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பேற்றார். நம் வாத்தியங்களையும் ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்து 'கிழக்கு மேற்கு சிம்பொனி' ஒன்றை எழுதினார். 1939 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனவர், சில நாட்களிலேயே காலராவில் இறந்தார். இந்தியாவில் அவர் எழுதியதில் பலவும், அந்த சிம்பொனி உட்பட, கிடைக்கவில்லை. பிரிட்டனில் ஃபோல்ட்ஸின் இசை 2010 முதல் பொதுச்சொத்து. இந்த சிம்பொனியை வாசிக்கத்தான் தாள் இல்லை.

அது வானொலிக் கிடங்கிலோ, யாருடைய பரணிலோ இன்னும் இருக்கலாம். நம் ஊர் தேவாலயங்களின் பாடகர் குழுக்களிடம், பழைய பள்ளிகளில், போலீஸ் பேண்டுகளில், கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் வயலின் வாசித்தவர்களின் வீடுகளில் ஐந்து கோட்டு நொட்டேஷன் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்திருக்கின்றன. தாத்தா காலமானதும் அவை எடைக்குப் போகின்றன.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால், பழைய பேப்பர் கடைக்குக் கொடுக்கும் முன் பிரித்துப் பாருங்கள். தாள்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். அட்டை, வெற்றுப் பக்கம், பென்சில் கிறுக்கல் எல்லாவற்றோடும், பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, கலரில் படம் எடுங்கள். அடியிலுள்ள எண்ணையும் முத்திரையையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் இறந்து 60 வருடம் ஆகாவிட்டால் வெளியிட அவசரப்பட வேண்டாம், பத்திரப்படுத்தினால் போதும். இரண்டாம் வயலின் பார்ட் மட்டும்தானே இருக்கிறது, மற்றவை இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதையும் எடுத்து வையுங்கள். மற்றவை வேறொருவர் வீட்டில் இருக்கலாம்.